சிட்டுவும் இரண்டு சம்பந்திகளும்

ஜூன் 4

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும். ஆனால் நேற்று போனில் நீங்கள் போட்ட சத்தத்தைக் கேட்ட பிறகு உங்கள் உடல்நலத்தைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

போனை வைத்ததும் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். என் மகளும் உங்கள் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவள் சொன்னாள்: "அம்மா, இனிமே நீங்க ரெண்டு பேரும் போன்ல பேச வேண்டாம். எதுவா இருந்தாலும் எழுதிக்குங்க. எழுதுறப்ப யாரும் குறுக்க பேச முடியாது." மாப்பிள்ளை வேகமாகத் தலையாட்டினார். ஆகவே எழுதுகிறேன்.

யாருக்கு எது வேலை என்பதே நேற்றைய பேச்சில் குழம்பிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் செய்திருக்கும் ஏஐ ஏஜென்ட், அதாவது நாம் செல்லமாகச் சிட்டு என்று கூப்பிடும் அந்தக் கணினி உதவியாள், பிராணிகள் மருத்துவமனைக்கு வரும் போனை எடுத்துப் பேச வேண்டும். தேதி கொடுப்பது, பதிவைப் பார்ப்பது, அவசரம் என்றால் டாக்டரைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் அதன் கையில் ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கருவி எதற்கு என்று அதற்குத் தானாகத் தெரியாது. கருவியின் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதைப் படித்துத்தான் எடுக்கும். அந்தக் குறிப்பை எழுதுவது என் வேலை. எழுதியது தேறுமா என்று சோதிப்பது உங்கள் வேலை.

நான் வேலை பார்த்த காலமெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எழுதியவள். எது எதற்கு, யார் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டுத் தலை சுற்றினால் என்ன செய்வது, எல்லாம். என் தாளைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. நீங்களோ ஒரே வார்த்தையில் "ஃபெயில்" என்றீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, "வண்டி ஓட்டுறவன் ரோட்டைப் பார்ப்பானா, உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு இருப்பானா?" என்றீர்கள். இது பதிலா?

இந்த மாதக் கடைசியில் மருத்துவமனைப் பெரிய டாக்டரம்மா முன்னால் சிட்டு ஒரு முழு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் பிள்ளைகள் கம்பெனியை மூடிவிடுவார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு ஊரில் வேலை காத்திருக்கிறது, இவளுக்கு இன்னொரு ஊரில். கல்யாணமாகி எட்டே மாதம். இது உங்களுக்கும் தெரியும்.

எனக்குக் காரணம் வேண்டும். எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


ஜூன் 7

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். காரணம் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

நான் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்தவன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் தொழில். எப்படிப் படித்தாய் என்று யாரையும் கேட்டதில்லை. முச்சந்தியில் என்ன செய்கிறாய் என்று மட்டும் பார்ப்பேன்.

சிட்டுவையும் அப்படித்தான் பார்த்தேன். நான் பூனைக்காரனாகப் பேசினேன். "நாளைக்குப் பூனையைக் கூட்டிட்டு வர முடியாது" என்றேன். தேதியை ரத்து செய்தால் முடிந்தது. சிட்டு "பதிவை முடித்து வை" என்ற கருவியை எடுத்தது. அது செத்துப்போன பிராணிக்கான கருவி. அடுத்த நிமிடம் என் போனுக்குச் செய்தி வந்தது. "தங்கள் அன்புப் பூனையின் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்."

எனக்குப் பூனையே கிடையாது. இருந்தும் மனசு கஷ்டமாகிவிட்டது.

ஏன் அப்படிச் செய்தது என்று உங்கள் குறிப்பைப் படித்தேன். முதல் வரி, இந்தக் கருவியைக் கவனமாகப் பயன்படுத்தவும். இரண்டாவது வரி, சந்தேகம் இருந்தால் பயன்படுத்த வேண்டாம். அதற்கப்புறம் பத்து எச்சரிக்கை. இந்தக் கருவி எதற்கு என்பது கடைசியில் வருகிறது. அதிலும் "வருகை முடிவுற்ற பிராணிகளுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். சாவு என்ற சொல்லைத் தவிர்க்க நாசூக்காக எழுதியது போலிருக்கிறது. சிட்டுவுக்கு நாசூக்கு தெரியாது.

ஃபெயில் ஃபெயில்தான். சத்தம் போட்டது மட்டும் அதிகப்படி.

இப்படிக்கு,
பையனின் அப்பா


ஜூன் 10

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பூனை விஷயத்தில் தப்பு என்மேல்தான். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். இரங்கல் செய்தி வந்த இடத்தில் என் மகள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறிவிட்டது. அவள் சிரித்து வெகு நாளாயிற்று என்பதால் கோபிக்க மனம் வரவில்லை.

"செத்துப்போன பிராணிக்கு மட்டும்" என்று இப்போது முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது.

ஆனால் உங்கள் விடைத்தாளைத் திருத்துவதற்கும் ஆள் வேண்டாமா? உங்கள் முயல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முயலை வளர்ப்பவருக்கு நேரம் மாறியதைத் தெரிவிக்க வேண்டும். சிட்டு தெரிவித்தது. சரியான ஆளுக்கு, சரியான நேரத்தை, மரியாதையாக. அதற்கும் ஃபெயில் போட்டிருக்கிறீர்கள். என்ன குற்றம் என்று பார்த்தால், முதலில் முயலின் பதிவைத் திறந்து அங்கிருந்து போன் நம்பரை எடுக்க வேண்டுமாம். சிட்டு அன்றைய வருகைப் பட்டியலிலேயே நம்பர் இருப்பதைப் பார்த்து அங்கிருந்தே எடுத்துவிட்டது. ஒரு வேலை மிச்சம். அதற்குத் தண்டனையா?

வீடு வந்து சேர்ந்த விருந்தாளியை, நான் நினைத்த தெரு வழியாக வரவில்லையே என்று திருப்பி அனுப்புவீர்களா? உங்கள் வீட்டுக்கு வர எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


ஜூன் 13

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

முயலுக்குப் பாஸ் போட்டுவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. போய்ச் சேர்ந்ததா, வழியில் யாரையும் இடிக்காமல் போனதா, இரண்டும்தான் பார்க்க வேண்டும். எந்தத் தெரு என்பது அதன் இஷ்டம். இதே மாதிரி இன்னும் நாலு கேள்வியில் அநியாயம் செய்திருந்தேன். அவற்றையும் மாற்றினேன்.

சிட்டு ஒவ்வொரு வேலையிலும் என்ன யோசித்தது, எந்தக் கருவியை எடுத்தது, என்ன பதில் கிடைத்தது என்று ஒரு நடப்புக் குறிப்பு பதிவாகிறது. இதுவரை கடைசி வரியை மட்டும் பார்த்து மார்க் போட்டேன். இப்போது முழுதாகப் படிக்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த மாதிரியே இருக்கிறது. எங்கே தடுமாறுகிறது என்று தெரிகிறது.

இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, ஒரு நாயின் தடுப்பூசித் தேதியைக் கேட்டால், பதிவைக் காட்டும் கருவி அந்த நாய் பிறந்ததிலிருந்து நடந்த எல்லாவற்றையும் கொட்டுகிறது. அந்தக் குவியலில் தேடிச் சிட்டு களைத்துப் போகிறது. கேட்டதை மட்டும் கொடுக்கச் செய்யுங்கள். இரண்டு, தப்பான தேதி கொடுத்தால் "பிழை ஏழு" என்று வருகிறது. ஏழு என்றால் அதற்கு என்ன தெரியும்? அதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. "அன்று விடுமுறை, வேறு நாள் கேள்" என்று சொன்னால் என்ன?

இந்த வேலை பிடித்துப்போய்விட்டது. காலையில் பேப்பர் படிப்பதை விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
பையனின் அப்பா


ஜூன் 16

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இரண்டையும் மாற்றியாயிற்று. கருவியின் உள்வேலையை மாப்பிள்ளை செய்தார், வார்த்தை என்னுடையது. பிழை ஏழுக்கு இனி மரியாதையான பேர் உண்டு.

இன்னொன்றும் செய்தேன். எழுதிய எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, வரவேற்பறையில் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அவளிடம் பத்து எச்சரிக்கையை அடுக்க மாட்டேன். "இங்க பாரும்மா, இது இதுக்கு. அதோட இதைக் குழப்பிக்காதே. இது கிடைக்கலைன்னா அதை எடு" என்பேன். அவ்வளவுதான். அப்படியே எழுதினேன். மக்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கு மாதிரி கேட்டேன், மாப்பிள்ளை கொடுத்தார். அவற்றையும் அங்கங்கே உதாரணமாகச் சேர்த்தேன்.

நேற்று பிள்ளைகள் சோதனையை ஓட்டினார்கள். ஏறக்குறைய எல்லாம் பாஸ். மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். என் மகள் என் கன்னத்தைக் கிள்ளினாள். நான்தான் அவளுக்கு அம்மா என்பதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

உங்கள் பாராட்டை எதிர்பார்க்கிறேன். கஞ்சத்தனம் வேண்டாம்.

அன்புடன்,
பெண்ணின் அம்மா


ஜூன் 18

திருமதி சம்பந்தி அவர்களுக்கு,

மார்க்கைப் பார்த்தேன். உங்கள் குறிப்புகளையும் படித்தேன்.

"கிளி சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டது என்று சொன்னால் டாக்டரைக் கூப்பிடு" என்று எழுதியிருக்கிறீர்கள். உலகத்தில் கிளி விழுங்குவதற்கு எத்தனையோ இருக்க, சட்டைப் பொத்தான் என்று ஏன் எழுத வேண்டும்? அது என் கேள்வி. "இரண்டு நாய்க்கும் ஒரே பெயர் இருந்தால்" என்பது என் கேள்வி. ஆமையை வரவழைத்தது நான். அதுவும் உங்கள் குறிப்பில் இருக்கிறது.

தேர்வு நடக்கும் தெருவை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வரும் ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கே திரும்ப வேண்டும், எங்கே கை காட்ட வேண்டும் என்று ஒப்பித்துவிடுவார்கள். பக்கத்துத் தெருவுக்குள் விட்டால் சுவரில் முட்டுவார்கள்.

நேற்று சிட்டுவைப் பக்கத்துத் தெருவுக்குள் விட்டேன். புதுக் கேள்விகள். கிளி மோதிரத்தை விழுங்கியது. சிட்டு அதற்கு அடுத்த வாரம் தேதி கொடுத்தது. பாதிக்குப் பாதி ஃபெயில்.

வினாத்தாளைப் பார்த்து எழுதுபவர்களோடு நான் வேலை செய்ய முடியாது. நான் விலகிக்கொள்கிறேன்.

பையனின் அப்பா


ஜூன் 19

ஐயா,

நான் மக்கள் பேசுவதற்கு மாதிரி கேட்டேன். உங்கள் மகன் "மாதிரிக் கேள்விகள்" என்று ஒரு கோப்பு அனுப்பினார். அது உங்கள் வினாத்தாள் என்று அதன் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

எனக்கு எழுதும் முன் அவரைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம். திருடி என்று முடிவு கட்டுவதற்கு முன் சந்தேகத்தின் பலனைக் கொடுப்பார்களே, அது உங்கள் ஆபீஸில் வழக்கமில்லையா?

என் மகளிடம் எதையும் சொல்லவில்லை. அவள் இன்று பயணப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பெண்ணின் அம்மா


ஜூன் 22

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

மன்னிக்க வேண்டும். இதை முதல் வரியிலேயே எழுதுகிறேன். பத்து வரிக்குப் பிறகு வந்தால் நீங்கள் அதுவரை படிக்காமல் போகலாம்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மகனைக் கூப்பிட்டேன். "நீயாடா அனுப்பினே?" என்றேன். "ஆமாப்பா" என்றான். "தெரிஞ்சேவா?" என்றேன். "நீங்க பாஸ் போட்டுப் பார்க்கணும்னு ஆசையா இருந்துச்சுப்பா. அது தப்பாயிடும்னு யோசிக்கலை" என்றான்.

போனை வைத்துவிட்டு முன்வாசலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். உங்களைச் சொன்னதெல்லாம் என்னையே சுட்டது.

இனி இப்படிச் செய்யலாமா? என் கேள்விகளை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு பாதியை எல்லோரும் பார்க்கலாம், பழகலாம். இன்னொரு பாதி என் அலமாரியில் பூட்டி இருக்கும். மகனுக்கும் கிடையாது. எதில் தடுமாறுகிறது என்று பொதுவாகச் சொல்வேன், கேள்வியைச் சொல்ல மாட்டேன்.

எனக்கும் ஒரு குறை இருக்கிறது. நான் கேட்கும் கேள்விகள் எல்லாம் ஒரு அதிகாரி கேட்கிற மாதிரியே இருக்கின்றன. எனக்குப் பிராணி வளர்த்துப் பழக்கமில்லை. உங்கள் ஊரில்தான் அந்த மருத்துவமனை இருக்கிறது. ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து, வருகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்து எழுத முடியுமா? நான் கேட்கத் தகுதி இல்லாதவன். பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

பெட்டியை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

பையனின் அப்பா


ஜூன் 25

அண்ணா,

இப்படிக் கூப்பிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். சம்பந்தி சம்பந்தி என்று எழுதினால் சண்டைதான் வருகிறது.

மாப்பிள்ளை வந்து என் முன்னால் நின்றார். "அத்தை, நான்தான்" என்றார். "சாப்பிட வாங்க" என்றேன். முடிந்தது.

மருத்துவமனைக் கூடத்தில் இரண்டு நாள் முழுக்க உட்கார்ந்தேன். மடியில் ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். பக்கத்து அம்மா சந்தேகமாகப் பார்த்து, "உங்களுது உள்ள இருக்கா?" என்றார். "ஆமா, எங்களுது சிட்டு" என்றேன். பொய் இல்லையே.

அண்ணா, அங்கே யாரும் "நாய்" என்று சொல்வதில்லை. "இவனுக்கு மூணு நாளா மூஞ்சியே சரியில்ல" என்கிறார்கள். நான் முதலில் அவர் தன் மகனைச் சொல்கிறார் என்று நினைத்துப் பையனைத் தேடினேன். ஒரு பெரியவர் தன் பூனையை மேடம் என்றே கூப்பிடுகிறார். "மேடம் இன்னிக்கு யாரையும் கிட்ட விடல, டாக்டரை எச்சரிச்சிடுங்க." தேதியை ரத்து செய்யுங்கள் என்றும் யாரும் கேட்பதில்லை. "இப்ப ஓடுறா, ஆடுறா, அதனால வரல" என்கிறார்கள். அல்லது ஒன்றும் சொல்லாமல் "நாளைக்கு வரலை" என்று வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தவர்களில் ஒருவர், வலி தாங்காமல் அசையாமல் படுத்திருந்த நாயைச் "சமத்தா படுத்திருக்கு" என்று நினைத்து விட்டுவிட்டாராம். வரவேற்பறைப் பெண் சொன்னாள். அதிலிருந்து அவள் எப்போதும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவாளாம்: "ஏன் வரலை, நல்லா இருக்கானா?"

அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். தேதி கொடுக்க ஒரு கருவி, மாற்ற ஒன்று, ரத்து செய்ய ஒன்று என்று மூன்று இருந்ததல்லவா? எதை எடுப்பது என்று சிட்டு திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். மூன்றையும் ஒன்றாக்கச் சொன்னேன். அதன் குறிப்பில் எழுதியிருப்பது இதுதான்: "ரத்து செய்யும் முன் ஏன் வரவில்லை என்று அன்பாக ஒரு வார்த்தை கேள். பதிலில் உடம்புக் குறை ஏதாவது தெரிந்தால் ரத்து செய்யாதே, டாக்டரைக் கூப்பிடு." கிளியும் இல்லை, பொத்தானும் இல்லை.

உங்கள் அலமாரியைத் திறந்து சோதியுங்கள். நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

தங்கை


ஜூன் 28

தங்கச்சி,

பூட்டியிருந்த கேள்விகள் எல்லாவற்றையும் போட்டேன். உங்கள் கூடத்து ஆட்கள் பேசுகிற மாதிரியே இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டேன். நடப்புக் குறிப்பு முழுவதையும் படித்தேன். மறுநாள் இன்னொரு தடவை ஓட்டினேன்.

ஒரு ஆமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து நின்றது. பிறகு சரியாகப் போய்விட்டது. நானாக இருந்தாலும் ஆமை விஷயத்தில் யோசிப்பேன்.

பாஸ்.

அண்ணன்


ஜூலை 1

அன்புள்ள அண்ணா,

நேற்று முழு நாளும் நான் அங்கேதான் இருந்தேன். வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும் என்றுதான் ராத்திரியே எழுதாமல் நன்றாகத் தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

பெரிய டாக்டரம்மா காலையில் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத அம்மா. சிட்டு பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்கள். காலைப் போன்கள் ஒழுங்காகப் போயின. மேடத்தை வளர்க்கும் அந்தப் பெரியவர்கூடக் கூப்பிட்டார். சிட்டு "மேடம் எப்படி இருக்காங்க?" என்று கேட்டதும் டாக்டரம்மாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. ஆனால் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. மாப்பிள்ளைக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. என் மகள் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் ஒருவர் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல். "நாளைக்கு ஆட்டைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்கல்ல, இப்பவே குட்டி போட்டுடுச்சு. இனி வர வேண்டாம்ல?" என்றார். அவருக்கு வைக்க அவசரம்.

சிட்டு கேட்டது: "சந்தோஷம். தாயும் குட்டிகளும் நல்லா இருக்காங்களா?"

"ஓ, மூணு குட்டி. ரெண்டு எழுந்து பால் குடிக்குது. ஒண்ணு மட்டும் சும்மா படுத்திருக்கு. அது அப்படித்தான் இருக்கும்போல."

சிட்டு ரத்து செய்யவில்லை. "கொஞ்சம் இருங்க, வைக்காதீங்க. டாக்டரைத் தரேன்" என்றது. அந்த நேரம் டியூட்டி டாக்டர் அறுவை அறையில் இருந்தார். அடுத்த மணி அடித்தது பெரிய டாக்டரம்மாவின் போனில். அவர் கையை அவிழ்த்துப் போனை எடுத்தார். "மூக்கைத் துடைங்க. துணியால நல்லா தேய்ங்க. இன்னும் அழுத்தித் தேய்ங்க, பயப்படாதீங்க. தலையைக் கீழ சாய்ச்சுப் பிடிங்க." கூடத்தில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பக்கத்து அம்மா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தப் போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது அண்ணா. மெல்லிசாக, கோபமாக, "ம்மே" என்று. கூடமே கை தட்டியது. மேடத்தின் பெரியவர் அதற்குள் வந்து சேர்ந்திருந்தார். அவர் பூனைக்கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

சிட்டு விடவில்லை. மூன்று குட்டிக்கும் பதிவு திறந்து, பேர் என்ன என்று கேட்டது. "பேரா? அதுக்குள்ளயா? என் வீட்டுக்காரியைக் கேட்டுச் சொல்றேன்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

டாக்டரம்மா திரும்பி என் மகளைப் பார்த்தார். "காரணம் கேக்கணும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். "எங்க அம்மா எழுதினாங்க. எங்க மாமா சோதிச்சாங்க" என்றாள். "அப்ப ரெண்டு பேரையும் விடாதீங்க. இது நாளையிலிருந்து வேலைக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டு அறுவை அறைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகள் இருவரும் அந்த இரண்டு வேலைக்கும் வரவில்லை என்று எழுதிப் போட்டார்கள். பெட்டி பரண்மேல் ஏறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். நாங்கள் இந்த வீட்டுக்கு மாறி வந்தபிறகு நீங்கள் வந்ததே இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து நேராக நடந்து, மருந்துக் கடை தாண்டி இடது பக்கம் இரண்டாவது தெரு. நீலக் கேட். தப்ப வழியே இல்லை.

அன்புடன்,
தங்கை


ஜூலை 9

அன்புள்ள தங்கச்சி,

நலமாக வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் தாமதமாக வந்தேன் என்று எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள். "பக்கத்து வீட்டில் கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன்" என்று மழுப்பினேன். முழுக் கதையையும் எழுத்தில் வைக்கிறேன். போனில் சொன்னால் நீங்கள் சிரித்துக் குறுக்கே பேசுவீர்கள்.

இடது பக்கம் இரண்டாவது தெருவுக்கு வந்தேன். நீலக் கேட் இருந்தது. தட்டினேன். ஒருவர் ஓடி வந்து, "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் காலையிலிருந்து காத்திருக்கோம்" என்றார். என்ன மரியாதை என்று எனக்குப் பூரிப்பு. உங்கள் தம்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனதும் நேராகக் குளியலறைக்கு அழைத்துப் போனார். சுத்தமான குடும்பம், கை கால் கழுவச் சொல்கிறார்கள் என்று கழுவினேன். வெளியே வந்தால் கணவன் மனைவி இருவரும் வாசலிலேயே நின்றுகொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்த அம்மா, "என்ன தோணுது?" என்றார். எனக்கு என்ன தோன்ற வேண்டும்? குழாய் ஒழுகியது. விருந்தாளி குறை சொல்லக் கூடாது, ஆனால் கேட்கிறார்களே என்று, "வாஷர் போயிருக்கு" என்றேன். "நாங்களும் அதான் நினைச்சோம்" என்றார் அவர். அடுத்து ஒரு ஸ்பானர் என் கைக்கு வந்தது.

சம்பந்தி வீட்டில் முதல் முறையாக ஒரு உதவி கேட்கிறார்கள், மறுக்கலாமா? வாஷரை மாற்றினேன். டீ கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், "எவ்வளவு ஆச்சு?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. "என் சம்பந்தி அம்மா எங்கே?" என்றேன். அவர் பயந்துபோய் மனைவியைப் பார்த்தார்.

போன மாதம் உங்கள் கேட்டுக்கு அடித்து மிச்சமான நீலப் பெயின்டை அவருக்குக் கொடுத்தீர்களாமே. அவர் சொல்லித்தான் தெரியும். "தப்ப வழியே இல்லை" என்று எழுதும் முன் நினைவு வந்திருக்கலாம். உங்கள் குறிப்புக்கு என்ன மார்க் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டீ நன்றாக இருந்ததால் விட்டுவிடுகிறேன்.

அடுத்த மாதம் நீங்கள் மூவரும் இங்கே வர வேண்டும். வழி எழுதுகிறேன். எழுதுவது எனக்குப் புதிது, மார்க் நீங்கள் போடுங்கள். பேருந்தை விட்டு இறங்கி அங்கேயே நில்லுங்கள். நான் வந்து அழைத்துப் போகிறேன்.

இன்னொன்று. இதை மருமகளிடம் படித்துக் காட்டலாம், மகனிடம் வேண்டாம்.

அன்று சாயங்காலம் அவன் என்னைப் பேருந்து நிலையத்துக்குக் காரில் கொண்டுவந்து விட்டானல்லவா? பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. யார் ஓட்டினாலும் அப்படித்தான், கண்ணை மூடியதே இல்லை. வீட்டில் இருந்த நாளில் என்னோடு வண்டியில் போக அவனுக்குப் பிடிக்காது. "அப்பா, காலை எடுங்க" என்பான்.

அன்று மருந்துக் கடை தாண்டியது வரை நினைவிருக்கிறது. பிறகு கண்ணைத் திறந்தபோது வண்டி நிலையத்துக்கு வெளியே ஓரமாக நின்றிருந்தது. எஞ்சினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நான் ஏற வேண்டிய பேருந்து போய்விட்டிருந்தது.

"ஏன்டா எழுப்பல?" என்றேன்.

"தூங்கிட்டீங்கப்பா" என்றான். "நான் ஓட்டுறப்ப நீங்க தூங்கிட்டீங்க."

அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். அடுத்த பேருந்துக்கு நிறைய நேரம் இருந்தது. "அப்படியே ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றேன். வண்டியைக் கிளப்பினான்.

அன்புடன்,
அண்ணன்